தட்டிலிருந்து உரிந்தது

தட்டுக்காரர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பிற்பகலில். தேய்ந்த ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைவதால் நண்பர்கள் வைத்த பெயர் அது. அந்த வீட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவர் நுரையீரல் கெட்டு இறந்துபோயிருந்தார். அவருடைய அக்காதான் கதவைத் திறந்தாள். அறைக்குள் ஈர மெத்தையும் பழைய சளியும் கலந்த வாடை.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க தம்பி. இந்தத் தட்டு ஒண்ணு மட்டும் வேணாம். அவன் வாசிச்சது. படுக்கையில கிடந்தப்பவும் எச்சில் தொட்டுத் தொட்டு இதைத் துடைச்சிட்டே இருப்பான். இதைப் போட்டா அவன் மூச்சு பக்கத்துல கேக்கும். அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

தட்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் காய்ந்த எச்சில் படலம். ஆனாலும் அது வேறெங்கும் கிடைக்காத பதிவு என்று தட்டுக்காரருக்குத் தெரியும்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டு வரேன்" என்று அவள் உள்ளே போனாள்.

ஆண்டவன் நம்மைச் சோதிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. அவள் தண்ணீரோடு திரும்புவதற்குள் அந்தத் தட்டு அவர் பைக்குள் போய், அதன் அட்டையுறைக்குள் வேறொரு தட்டு இருந்தது.

வீட்டில் மனைவி மூக்கைப் பொத்தினாள். "செத்த எலியை வாங்கிட்டு வந்தீங்களா?"

"அட்டை நாத்தம். சுத்தம் பண்ணா போயிடும்."

இசைத்தட்டு சேகரிப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். தச்சர்களின் வெள்ளைப் பசையைத் தட்டின்மேல் பரப்பிக் காயவிட்டார். காய்ந்ததும் உரித்தால், பள்ளங்களில் இருக்கும் அழுக்கெல்லாம் பசையோடு வந்துவிடும்.

மறுநாள் காலை உரித்தார்.

கண்ணாடித்தாள் போல வர வேண்டியது, தோல் போல வந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது. அடிப்பக்கம் பிசுபிசுத்தது. மயிர்க்கால்கள் தெரிந்தன. அவற்றில் சிலவற்றில் நரைத்த முடி.

அதைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். விரலிடுக்கில் சளி நூலாக இழுத்தது.

வெளிறிய முகத்தோடு நின்றவரிடம் மனைவி கேட்டுக் கேட்டு நடந்ததையெல்லாம் வரவழைத்தாள்.

"உங்களுக்குத் தண்ணி எடுக்கப் போனவங்ககிட்டயா திருடினீங்க? சட்டையை மாத்திட்டுக் கிளம்புங்க."

தட்டோடு போய் நின்றபோது அக்கா திட்டவில்லை. இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டைச் சுழலவிட்டாள். கரகரப்பே இல்லாமல் டிரம்பெட் ஒலித்தது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். ஊசி கடைசி வளையத்துக்கு வந்து நின்றது.

"வாசிப்பு இருக்கு" என்றாள் மெதுவாக. "அவன் இல்லையே தம்பி."

மனைவிக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். "அந்தத் தோலை எங்க போட்டீங்க? அதை அவங்ககிட்டயே குடுத்துடலாம்."

தொட்டியில் அது இல்லை.

உள்ளே ஒரு ஈரத் தடம் மட்டும். அது விளிம்பில் ஏறி, தரையில் இறங்கி, படுக்கையறைக்குள் போயிருந்தது. காலையில் அவர் சட்டை எடுத்த அலமாரியோடு முடிந்திருந்தது.

தட்டுக்காரர் பொத்தான்களைக் கழற்றினார்.

மார்பில் ஒட்டியிருந்தது.

ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தார். சொந்தத் தோலைப் போலவே வலித்தது. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.

மார்பு மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.