சோளக் குடோனில் கோட்டு போட்ட பிணம்

போன் அலறியது.

டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டே எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"சார், சோள மாவு ஃபேக்டரி கிளார்க் பேசறேன். எங்க மேனேஜர்... செத்துட்டார் சார்."

"எங்கே?"

"குடோன்ல. நின்னுக்கிட்டே."

இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியைத் தேடினார். மேனேஜர் அவர் மனைவியின் தம்பி! இவர் சிபாரிசில் போனிலேயே வேலை வாங்கியவன். முதலாளி இன்னும் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கொலைகாரனைப் பிடித்துவிடலாம். வீட்டுக்காரியிடம் யார் சொல்வது?

அதுவும் இன்றைக்கா..? வயலை நம்பியே கிடந்த ஊருக்கு வந்த ஒரே தொழிற்சாலை. இரண்டாவது யூனிட் இங்கேயா, பக்கத்து ஊரிலா என்று சொல்லப் பத்து மணிக்கு முதலாளி வருகிறார். இருநூறு பேருக்கு வேலை!

ஒன்பதே முக்கால். குடோன்.

மூட்டைகளுக்கு நடுவே கோட்டு, டை, முகத்தை மூடிய தொப்பி. இரண்டு கையையும் விரித்தபடி... மச்சான்!

"பூட்டியே கிடக்கிற குடோன் சார். முதலாளி வர்றாரேன்னு பெருக்கத் திறந்தேன்." கிளார்க் கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பிடித்தார்.

கையோடு வந்தது... வைக்கோல்!

"நான் வச்ச சோளக்கொல்லை பொம்மைங்க அது," என்றார் உள்ளே வந்த குடோன் மேஸ்திரி. போன வருடம்வரை விவசாயி. "குருவி வந்து மூட்டையைக் கொத்துது. ஜன்னலுக்கு வலை கேட்டேன், வரலை. மேனேஜரோட பழைய கோட்டு சும்மா தொங்குச்சு. கொல்லையில செய்யறதை இங்கயும் செஞ்சேன். மூணு மாசமா ஒரு குருவி வரலீங்க."

"அப்ப மேனேஜர்?"

"என்ன மாமா, காலையிலேயே இந்தப் பக்கம்?"

கொட்டாவியோடு வந்து நின்றான் மச்சான். கன்னத்தில் தலையணையின் தடம்.

கட்டிக்கொள்வதா, உதைப்பதா? இன்ஸ்பெக்டர் முடிவெடுப்பதற்குள் கார் வந்து நின்றது.

முதலாளி!

வாசலிலேயே நின்று பொம்மையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரும் அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. மூணு மாசமா ஹெட் ஆபீஸ்ல இருந்தே இந்தக் குடோன் கேமராவில பார்க்கறேன். மனுஷன் ஒரு நிமிஷம் உட்காரலை. இப்படி ஒரு மேனேஜர் இருக்கிற ஊர்லதான் ரெண்டாவது யூனிட்!"

இருபது வருட சர்வீஸில் முதல்முறையாக உண்மையை விழுங்கினார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் புது யூனிட்டுக்கும் இவரை மாதிரி ஒருத்தர் வேணுமே. ஆமா, இந்தத் தம்பி யாரு?"

"என் மச்சான் சார்." அவன் காலை ஓங்கி மிதித்தார். "வேலை தேடிட்டிருக்கான்."

முதலாளி மச்சானை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரை மாதிரி நிப்பாரா?"

"இவரு எங்கங்க நிப்பாரு..." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நாளைக்கே நான் ஆள் தர்றேன் முதலாளி. ஒரு பழைய கோட்டு மட்டும் குடுங்க."