நாலாவது சோதினை

"என்னைத் தொடாதை! திருநீறை நீயே பூசிக்கொண்டு போ!"

சோதினை எழுதப் போகிற நாள் காலையில், ஆசி கேட்டு வந்து நின்ற மருமகள் அருந்ததியிடம் ஞானாம்பிகை இப்படிச் சீறினார். விடியற்காலையில் மாமி நன்றாகத்தான் இருந்தார், கோப்பிகூட ஊற்றிக் கொடுத்தார். வாசல் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனவர், திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"நான் என்ன பிழை விட்டனான், மாமி?..."

"கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை. படலையாலை போகாதை, பின் கடப்பாலை போ. வஸ்ஸை விட்டிட்டு வந்து என்ரை முகத்திலை முழிக்காதை!"

அருந்ததி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வேலிக் கடப்பைத் தாண்டி வஸ் பிடிக்க ஓடினாள்.

ஆசிரியை வேலைக்கான சோதினைக்கு அவள் விண்ணப்பித்தது இது நாலாம் முறை. முதல் வருஷம் பிள்ளைப்பேறு. அடுத்த வருஷம் கணக்கில் தவறிவிட்டாள். போன வருஷம், சோதினைக்கு முதல்நாள் பார்த்துக் கணவனின் சித்தப்பா கண்ணை மூடினார். "செத்தவீட்டை வைச்சுக்கொண்டு பேனை தூக்கிறதோ? சனம் காறித் துப்பும்!" என்று மறித்தவர் இதே மாமிதான். மலாயாவில் கிளாக்கர் வேலை பார்க்கும் கணவன் சோமசேகரம், "அடுத்த முறை பார்ப்போம்" என்று கடிதம் போட்டான். கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு என்னவும் எழுதலாம்! வருகிற மாசியில் அவளுக்கு முப்பது முடிகிறது. அதற்கு மேல் சோதினைக்கு எடுக்கமாட்டார்கள்.

'இந்த மனுசிக்கு முன்னாலை ரீச்சராய் நிண்டு காட்டுறன்!' அந்த வைராக்கியத்தோடுதான் எழுதினாள். கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தாள். எழுந்து வரும்போதே இந்த முறை தப்பாது என்று தெரிந்துவிட்டது.

மத்தியானம் திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நல்லம்மா வீட்டு முன் ஒழுங்கையில் நின்றாள்.

"எழுதி முடிச்சிட்டியோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. மாமி எங்கை?"

"இனிச் சொல்லலாம்... மாமியின்ரை தமையன் தம்பிஐயா இரவு மோசம் போயிட்டார், செத்தவீடு கொடிகாமத்திலை. காலமை அவரின்ரை பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை கொடிகாமத்தாலை சேதி கொண்டு வந்தவர். மாமி அவரைப் படலையடியிலேயே மறிச்சுப்போட்டா. 'கேளாத சேதிக்குத் துடக்கில்லை. அவள் வஸ் ஏறட்டும்' எண்டா. நீ போகுமட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. வஸ் போன சத்தம் கேட்ட பிறகுதான், சீலைத் தலைப்பை வாயிலை வைச்சுக்கொண்டு 'என்ரை அண்ணை!' எண்டு குழறினவ..."

சாவுத் தீட்டுப்பட்டு, துடக்கான கையால் யாரும் திருநீறு தொடமாட்டார்கள். தொடாதே என்றது அதற்குத்தான்.

"ஐயோ, அந்த மனுசியை என்னவெல்லாம் நினைச்சன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அருந்ததி கொடிகாமத்துக்கு ஓடினாள்.

சவம் எடுக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறந்தாள். "நல்ல நேரத்திலை வாறா மருமோள்! ஊர் சுத்திப்போட்டு வாறாபோலை!"

ஞானாம்பிகை தலைவிரிகோலமாய் எழும்பினார். "அவளை ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது! சேதியை மறைச்சது நான். போன வருஷம் அவளின்ரை சோதினையைக் கெடுத்ததும் நான்தான். பழியெல்லாம் எனக்கு!"

"மாமி!..." அருந்ததி காலில் விழப் போனாள். அவர் விடவில்லை, இழுத்துக் கட்டிக்கொண்டார். செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவது வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆறு வருஷத்தில் மாமி அவளைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"கணக்கு?" என்று காதோடு கேட்டார்.

"எல்லாம் சரி, மாமி."

ஞானாம்பிகை அவளைப் பிடித்த பிடி விடாமல் சவத்தின் பக்கம் திரும்பிப் பெருங்குரலெடுத்தார்.

"கேட்டியளே அண்ணை! என்ரை மருமோள் ரீச்சராகப் போறாள்! ஒரு வாழ்த்துச் சொல்லாமல் கிடக்கிறியளே, என்ரை அண்ணை!..."