தொம்மைக்கு ஓட்டுப் போட்டவர்கள்

அன்று காலையும் புதுக்காயலில், தலைவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் அவர் செய்த தப்பைச் சரிசெய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காற்றைச் சுத்தம் செய்யும் மூச்சாலையின் குழாயைத் தவறான பக்கம் திருப்பச் சொல்லிவிட்டாராம் தலைவர். தோளில் மஞ்சள் பட்டை கட்டிய ஒரு சின்னக் கூட்டம் வெளியுடையை மாட்டிக்கொண்டு மீத்தேன் மழைக்குள் இறங்கியது. ஓட்டுப் போடாதவர்கள் கண்ணாடிக் கூரைக்கடியில் சொகுசாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

பார்க்கப் பார்க்க அங்கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் வாக்குச்சாவடி அலுவலராகத் தொடங்கியவள் அவள். பிறகு ஆப்பிரிக்கா, தீவு நாடுகள், நிலா, செவ்வாய் என்று போன இடமெல்லாம் தேர்தல் நடத்தக் கற்றுக்கொடுத்தவள். சனியின் நிலவான டைட்டனில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இந்த ஊருக்கு அவளை அனுப்பும்போது, கோளிடைத் தேர்தல் மையம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. பாதிப் பேராவது வாக்களித்தால் அவள் வீடு திரும்பலாம். இல்லாவிட்டால் இன்னொரு பதவிக்காலம் இங்கேயே. இங்கேயோ பத்தில் ஒருவர்கூட வாக்களிப்பதில்லை. மகள் அனுப்பும் செய்திகளில் "எப்பம்மா வர்ற?" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிருந்தது.

"ஓட்டுப் போட்டவங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்று ஊர்க்குழுச் செயலாளர் தெரசம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"தண்டனைன்னு யாரு சொன்னா மேடம்? இவருதான் சரின்னு கைதூக்குனது அவங்கதான? அவரு கெடுத்தா அவங்கதான போயி சரி பண்ணணும்? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"அப்ப யாருதான் ஓட்டுப் போட வருவாங்க?"

"நல்லா யோசிச்சவங்க வருவாங்க. சந்தேகம் இருந்தா சும்மா இருந்துக்கிடுவாங்க."

அங்கயற்கண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். இவர்களைத் திருத்தாமல் ஊர் போய்ச் சேர முடியாது. பூமியிலிருந்து கொண்டுவந்த மறைவாக்குக் கருவியைப் பொதுக்கூடத்தில் வைத்து, வீடு வீடாகப் போய் விளக்கினாள். விரலை வைத்து ஒரு பெயரை நினைத்தால் போதும், வாக்கு பதிவாகும். நினைத்தது யார் என்பதைக் கருவி அந்த நொடியே அழித்துவிடும்.

"யாருக்குப் போட்டோம்னு யாருக்குமே தெரியாதா?" தெரசம்மாள் நம்பாமல் கேட்டாள்.

"எனக்கே தெரியாது. யாரும் உங்களைக் கேட்கவும் கூடாது."

"அப்ப மஞ்சப் பட்டை?"

"கிடையவே கிடையாது."

ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. மக்கள் விடுதலையை மூச்சில் உணர்கிறார்கள் என்று அவள் அறிக்கை அனுப்பினாள்.

தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளர் மூச்சாலையின் வடிகட்டியை மாற்றப் போவதாகச் சொன்னார். தொம்மை என்பவன் எல்லோருக்கும் தினமும் வெந்நீர்க் குளியல் என்றான். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தே வளர்ந்த ஊர் அது. அந்தச் சூடு எங்கிருந்து வரும் என்று முன்பென்றால் துருவியெடுத்திருப்பார்கள். இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரிசை மூச்சாலை வரை நீண்டது. படுக்கையில் கிடந்தவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கயற்கண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. தொம்மை அமோகமாக வென்றான்.

மறுநாளே வெந்நீர் கொட்டியது. அதற்கான சூட்டைத் தொம்மை, கலம் வந்து இறங்கும் துறைக்கதவிலிருந்து திருப்பியிருந்தான். அங்கயற்கண்ணியைக் கூட்டிப்போகக் கலம் வந்து மேலே சுற்றத் தொடங்கியபோது, துறைக்கதவு பாறை மாதிரி உறைந்து கிடந்தது. இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்க எரிபொருள் இல்லை, பனியை உடைத்துக் கதவைத் திறங்கள் என்றது கலம்.

பெட்டியும் கையுமாக அவள் பொதுக்கூடத்துக்கு ஓடினாள். எல்லோரும் குளித்து, தலை துவட்டிக்கொண்டு, தொம்மையைத் திட்டியபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவனுக்குப் போட்டவங்க கொஞ்சம் வாங்களேன்! பனியை உடைக்கணும்!"

"நான் போடலையே" என்றார் ஒருவர். "அவன் மூஞ்சிக்கு யாரு போடுவா?" என்றார் இன்னொருவர். கூடம் முழுக்கக் கேட்டாயிற்று. தொம்மைக்கு ஓட்டுப் போட்டவர் என்று ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை.

"தெரசம்மா, நீங்களாவது சொல்லுங்க!"

"என்ன மேடம், நீங்களே இப்படிக் கேக்கலாமா?" தெரசம்மாள் ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். "யாரு வந்தாலும் இப்படித்தான். அடுத்த தேர்தல்ல பாத்துக்கிடலாம், விடுங்க."

பூமியில் எத்தனையோ தேநீர்க் கடைகளில் கேட்டு அலுத்த பேச்சு அது. அங்கயற்கண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. மக்களாட்சி முழுமையாக வேரூன்றிவிட்டது என்று மையம் அனுப்பிய பாராட்டு அவள் மணிக்கட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வெளியுடையை மாட்டினாள். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் தனியாக இறங்கி, பனியை அடிக்கத் தொடங்கினாள்.

கூடத்திலிருந்தவர்கள் கண்ணாடிப் பக்கம் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

"ஓஹோ" என்றார் ஒருவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே. "இந்தம்மாதான் அவனுக்குப் போட்டதா!"