கேட்டதும் வரும்

குக்கர் விசில் முதலில் ஹெட்போனுக்குள்தான் கேட்டது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க ஊரார் வீட்டுச் சமையலறைகளைக் காதாலேயே பார்க்கிற வேலை அவளுக்கு. டிவி கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட வேண்டும். கேட்ட நேரத்தில் கேட்ட படம் என்று கம்பெனி தருகிற சேவை பிடித்திருக்கிறதா, தேடியது கிடைக்கிறதா, நடுவில் நிற்காமல் ஓடுகிறதா, மொத்தத்தில் எவ்வளவு திருப்தி என்று விசாரித்து லேப்டாப்பில் தட்ட வேண்டும். எதிர்முனையில் குழந்தை அழும், மிக்ஸி அலறும், யாராவது யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். குக்கர் விசிலெல்லாம் ஒரு விஷயமா?

ஆனால் அந்த விசில் அடங்கி ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள், அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் இருந்த அவளுடைய குக்கர் விசிலடித்தது. அதே நீளம். கடைசியில், வெயிட் சரியாக உட்காராததால் வருகிற அந்தக் கமறலும் அதேதான்.

எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா," என்றது எதிர்முனைக் குரல். வயசான ஆண்குரல். தூங்குகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறவரைப் போல அடக்கமான குரல். "லைன்லதான் இருக்கேன். அடுப்பைப் பாத்துட்டே வா."

'நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேனா?' சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. மத்தியானம் சாய்கிற நேரத்தில் மூளை கொஞ்சம் பிசகத்தான் செய்யும். வீட்டில் ஒரு சத்தமில்லை. முன்னறையும் சமையலும் ஒன்றாக இருக்கிற இந்த இடத்தில் அவளும் லேப்டாப்பும். உள்ளறையில் புருஷன். அவர் லாரி ஓட்டுகிறவர். இரவெல்லாம் கண்கொட்டாமல் ஓட்டுவதால் லோடு ஆபீசில் அவருக்கு ஆந்தை என்று பெயர். பகலில் அவர் தூங்குவதற்காக உள்ளறை ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. படுத்தாரென்றால் கட்டைதான். வீடே இடிந்து விழுந்தாலும் புரண்டு படுத்துக்கொண்டு, "கதவைச் சாத்துடி" என்பார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு மகள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குள் இந்த ஒரு அழைப்பை முடித்துவிடலாம்.

"தேடினது கிடைக்குதா சார்?"

"நல்லாக் கேட்டே போ. மத்தவன் எல்லாம் அவன்கிட்ட இருக்கறதைக் குடுப்பான். உங்களுது அப்படியில்லை. கேட்டதும் வருது."

மிகவும் திருப்தி என்பதைத் தட்டினாள். "எந்த மாதிரிப் படம் அதிகமாப் பாக்கறீங்க?"

"என் பையனை."

"ஓ, வீட்ல எடுத்த வீடியோவா சார்?"

"இல்லம்மா. அவன் செத்தது."

அவளுடைய விரல் நின்றது. வாடிக்கையாளர் வீட்டில் துக்கம் என்றால், வருத்தமாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"வேலை முடிச்சு சைக்கிள்ல வந்துட்டிருந்தான்," என்றார் அவர். "யாருமே பாக்கலைன்னு சொன்னாங்க. அழுது அழுது, என்ன நடந்ததுன்னு ஒரு தடவை பாத்தாப் போதும்னு ராத்திரி டிவி முன்னாடி உக்காந்து வாய்விட்டுச் சொல்லிட்டேன். வந்துச்சும்மா. முன்னால இருந்து, பின்னால இருந்து, மேல இருந்துன்னு எப்படிக் கேட்டாலும் வந்துச்சு. ஒரு லாரி. இடிச்சதும் அவன் சாகலை. ரோட்டுல கிடந்து கையைத் தூக்கினான். லாரி நின்னுச்சு. டிரைவர் கண்ணாடில பாத்தான். இவன் கையை ஆட்டறது அவனுக்கு நல்லாவே தெரியுது. பாத்துட்டு, ரிவர்ஸ் எடுத்தான்."

அவள் திரையில் அடுத்த கேள்வியைத் தேடினாள்.

ஒரு விடியற்காலை. சந்துமுனைக் குழாயடியில் லாரியை நிறுத்தி, முன் பம்பரைத் தன் கையாலேயே தேய்த்துக் கொண்டிருந்தார் புருஷன். வண்டியைக் கழுவுவது கிளீனர் வேலை. அவர் துணியை நனைத்துக்கூட அவள் பார்த்ததில்லை. "நாய் குறுக்க வந்துடுச்சு," என்றார், திரும்பாமல். பின்சக்கரத்தையும் ஏன் தேய்க்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எந்த நாய்க்கு இவ்வளவு ரத்தம் என்றும் கேட்கவில்லை. இன்னொரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் அதை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து, நிஜமாகவே நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.

"உலகத்துல எத்தனையோ லாரி இருக்கு சார்," என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆமாம்மா. எத்தனையோ இருக்கு."

அவர் பேச்சை நிறுத்தியதும் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மின்விசிறி சுற்றுகிற சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். அதற்கு அடியில் குறட்டை. இழுத்து, இழுத்து, பிறகு மூக்கில் மெல்லிய சீழ்க்கை. இத்தனை வருஷமாக அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள். கூட்டத்தில் கலந்துவிட்டாலும் பிரித்து எடுத்துவிடுவாள்.

"இப்ப என்ன பாத்துட்டிருக்கீங்க?" என்றாள்.

"தூங்கறவனைத்தான். இடது கையைத் தலைக்கு அடில வெச்சுத் தூங்கறான். நிம்மதியாத் தூங்கறான்."

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். ஹெட்போன் ஒயர் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டது. குரல் காதிலிருந்து நழுவி லேப்டாப் ஸ்பீக்கரில் வெளியே வந்து வீடு முழுக்கப் பரவியது. மின்விசிறியின் டக். குறட்டை. அங்கிருந்தும் உள்ளறையிலிருந்தும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டு குறட்டைகள். ஸ்பீக்கரில் வருவதுதான் முந்தி ஓடியது.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள். இருட்டுக்குக் கண் பழகியது. இடது கை தலைக்கு அடியில் இருந்தது.

"நான் உன்னைத் தேடி வரலைம்மா," என்றார் பின்னால் ஸ்பீக்கரிலிருந்து பெரியவர். "நீதான் கூப்பிட்டு, திருப்தியான்னு கேட்டே. பாத்துட்டே இருந்தாப் போதலை. அதனால நேத்து கேட்டேன். என் பிள்ளைக்கு ஆனது இவனுக்கும் ஆகணும்னு கேட்டேன். டிவில படம் வர்றதுக்கு முன்னாடி அந்த வட்டம் சுத்துமில்ல, அது நேத்துலேர்ந்து சுத்திட்டே இருந்துச்சு. இப்பதான் நின்னுச்சு."

"ஐயா—"

"உன் பொண்ணு வர நேரம் ஆச்சு. கதவை உள்பக்கமாத் தாழ் போட்டுடும்மா. குழந்தை பாக்க வேண்டாம்."

அதை அவர் அக்கறையோடுதான் சொன்னார். மிரட்டுகிறவனாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். அவர் சொன்னதற்காகப் போட்டோமா, பயத்தில் போட்டோமா என்று தெரியாமலே போட்டாள். திரும்பி ஓடிவந்து புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க! எழுந்திருங்க! வெளிய போயிடலாம், எழுந்திருங்க!"

"கதவைச் சாத்துடி."

"அது நாயில்லைல்ல?"

அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் தூக்கம் ஒரு துளி இல்லை.

"யார் சொன்னா?" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவளுக்கு அது போதும்.

அப்போது முன்னறை ஸ்பீக்கரில் ஒரு பெண் அலறினாள். தொண்டை கிழிகிற அலறல். அது அவளுடைய குரல். அவள் இன்னும் அலறவில்லை.

டீசல் வாசனை வந்தது. மூடிய அறை, கறுப்புக் காகிதம், துவைத்த போர்வை, இவற்றுக்கு நடுவில் சூடான டீசலும் காய்ந்த ரப்பரும். கட்டிலின் கால் நடுங்கியது. தண்ணீர்ச் சொம்பு தரையில் தானாக நகர்ந்தது. ஸ்பீக்கரில் ஹாரன். நீளமாக. நிற்காமல்.

"லாரியா?" என்றார் அவர், எழுந்து உட்கார்ந்தபடி. "நம்ம சந்துக்குள்ள எவன்டா—"

எதுவும் வரவில்லை. சுவர் அப்படியே இருந்தது. ஆனால் அவரை ஏதோ இடித்தது. கட்டிலிலிருந்து தூக்கி எறிந்து எதிர்ச்சுவரில் அறைந்தது. பல் உடைகிற சத்தம். அவர் தரையில் விழுந்து உருண்டார். இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. தொடையில் வெள்ளையாக எலும்பு துணியைக் கிழித்து நின்றது. வாயிலிருந்து ரத்தம் குமிழியிட்டது.

அவள் அலறினாள். அந்த அலறல், அதே நீளத்தில்.

அவர் கையைத் தூக்கினார். விரல்கள் காற்றைத் தடவின. அவள் மண்டியிட்டு அந்தக் கையைப் பற்றினாள்.

ஸ்பீக்கரில் அமைதி. பிறகு:

பீப்.

பீப்.

பீப்.

லாரி பின்னால் வரும்போது அடிக்கிற மணி.

"வேண்டாம்! ஐயா, வேண்டாம்! நிறுத்துங்க!" இரண்டு கையாலும் புருஷனை வாசல்பக்கம் இழுத்தாள். ரத்தத்தில் அவள் கால் வழுக்கியது. "அப்பா! உங்களை அப்பாவா நினைச்சுக் கேக்கறேன். நிறுத்துங்கப்பா!"

"நிறுத்தற பட்டன் இல்லைம்மா," என்றார் பெரியவர். அவரும் அழுதுகொண்டிருந்தார். "அதுதான் உங்க சேவைல என் குறை. எத்தனையோ தடவை உங்க ஆளுங்களுக்குப் போன் பண்ணிட்டேன். எழுதிக்கறோம்னு சொல்றாங்க."

புருஷனின் பாதம் முதலில் தட்டையானது. பிறகு முழங்கால். அவசரமே இல்லாமல், நிதானமாக, அகலமான ஒன்று அவர் மேல் ஏறி வந்தது. அவள் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. இடுப்பு. வயிறு. அவர் கத்த வாயைத் திறந்தார். கத்தலுக்குப் பதிலாக வேறென்னவோ வெளியே வந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. நெஞ்சில் டயர் தடம், வரி வரியாக, அவள் கண்ணெதிரே பதிந்தது. அவள் பிடித்திருந்த கை அவள் கையை இறுக்கியது. கடைசியில் தலை. பச்சைத் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கை தளர்ந்தது.

பீப் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. அவள் முகம், மார்பு, தலைமுடி எல்லாம் அவராக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள். யாரிடம் என்றில்லை.

"இல்லம்மா," என்றார் பெரியவர், மிகவும் களைத்த குரலில். "அது தானாவே மறுபடி ஆரம்பிக்கும். என் பையனும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னு சைக்கிளைத் துடைச்சுட்டு ஏறிப் போவான். நானும் ஒவ்வொரு தடவையும், டேய், போகாதடான்னு கத்துவேன்."

அவள் கையில் இருந்த கை அசைந்தது.

முதலில் ரத்தம் நகர்ந்தது. தரையில் பரவியிருந்தது எல்லாம் மெல்ல, சத்தமில்லாமல், புருஷனை நோக்கித் திரும்பி ஊர்ந்தது. அவள் முகத்திலிருந்தும் முடியிலிருந்தும் எறும்பு ஊர்கிற மாதிரி கழன்று போனது. நெஞ்சு உப்பியது. எலும்புகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துப் பொருந்திக்கொண்டன. தலை, தலையாக ஆனது. முகம் வந்தது. கண்கள் வந்து அதில் உட்கார்ந்தன.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா! கதவைத் திற! பை கனக்குது!"

புருஷன் தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் ஒரு கறை இல்லை. கொட்டாவி விட்டார்.

"நான் ஏன் கீழே படுத்திருக்கேன்?" என்றார். "பாப்பா வந்துட்டா போல. பகல்ல எதுக்குடி தாழ் போட்டே?"

"போகாதீங்க." அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தார். முன்னறையில் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சின்னப் பெண் வீறிட்டாள். அப்பா, அப்பா, அப்பா என்று மூச்சு விடாமல் வீறிட்டாள். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலோ குழந்தை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு காலால் கதவை உதைத்துக் கொண்டிருந்தது.

"இருடி செல்லம், அப்பா வரேன்."

தாழ் விலகியது. வெயில் உள்ளே விழுந்தது. பை தோளில் தொங்க, வியர்த்த முகத்தை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள் மகள். அவளைத் தூக்கிக்கொள்ள அவர் குனிந்தார். இரண்டு கையும் அவளைச் சுற்றி வளைந்தன.

தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. டீசல் வாசனை மட்டும் வந்தது.