ஏறியாச்சா?

வேன் காலியாகத்தான் இருந்தது. அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. அரிசி டின்னை எடுத்து வரக் கணவன் வீட்டுக்குள் போயிருந்தான். பெரியவன் மாடியில் தன் சட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். உச்சி வெயிலில் தெருவே கண்ணயர்ந்து கிடந்த நேரம். பின்கதவு திறந்தபடி நின்ற வேனுக்குள்ளிருந்து, விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டக் டக்.

கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பின்னால் ஒரு மடக்கு இருக்கை, அதன் மேல் பழைய போர்வை, வேறொன்றுமில்லை. ஒரு வாடை மட்டும் அடித்தது. ஈரம் காயாமல் சுருட்டி வைத்த சாக்கை ரொம்ப நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் ஓடியிருப்பார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கூப்பிட வந்தியாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நூறு பேருக்குப் பந்தி வைப்பதுகூட அவளுக்குப் பெரிய காரியமில்லை. மலை மேல் ஒரு ரிசார்ட்டில் முழுசாக ஒரு மாதம் தங்கி, குடும்பத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவதுதான் பெரும்பாடு. அங்கே ஒவ்வொரு காட்டேஜிலும் அடுப்படி உண்டு, பக்கத்தில் கடை கிடையாது. தீப்பெட்டி மறந்தாலும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டும். பால் ஜீப்பில் வரும், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் வராது. எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கில்லை, எல்லாம் மனக்கணக்கு. கீரையும் தக்காளியும் முதல் சில நாளைக்கு. அப்புறம் கேரட், முட்டைகோஸ். கடைசியில் கைகொடுப்பது உருளைக்கிழங்கும் வெங்காயமும் பருப்பும். வேனில் ஏற்றுவதோ தலைகீழாக. கடைசியில் தேவைப்படுவது முதலில் ஏறும். போனவுடன் தேவைப்படுகிற டீத்தூளும் தீப்பெட்டியும் கடைசியில் ஏறும். ஏற்றி முடித்தால் நடு இருக்கைக்குப் பின்னால் கூரை வரைக்கும் பெட்டிகளால் ஒரு சுவரே எழும்பி நிற்கும். திரும்பி வரும்போதும் அந்தச் சுவர் அவ்வளவாகக் குறையாது. மிச்சத்தை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசே வராது. "மலைக்குப் போறோமா, வீட்டையே காலி பண்ணிட்டுப் போறோமா?" என்று கணவன் வருஷா வருஷம் கேலி செய்வான். இந்த வருஷம் செய்யவில்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால், பின்கதவை ஒட்டி மிஞ்சுகிற மடக்கு இருக்கைதான் வாண்டுவின் குகை. வாண்டு அவர்களுடைய இளையவள். முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத வயது. பின்கதவு வழியாக அவளே ஏறி, அவளே சாத்திக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டுவிடுவாள். வண்டி கிளம்புமுன் கணவன் "ஏறியாச்சா?" என்று குரல் கொடுப்பான். ஆளாளுக்குத் தன் பக்கத்துக் கண்ணாடியில் இரண்டு முறை தட்ட வேண்டும். பதிலைக் கத்திச் சொல்லி, யார் முதலில் சொன்னது என்று பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டதால் அவளே கொண்டுவந்த ஏற்பாடு அது.

போன வருஷம் ஊர் திரும்புகிற அன்று விடிகாலையில் நல்ல மூடுபனி. கணவன் "ஏறியாச்சா?" என்றான். அவள் தட்டினாள். பெரியவன் தட்டினான். பெட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து டக் டக். வண்டி கிளம்பியது. மலையடிவாரத்தில் டீக்கடை முன்னால் நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோது குகையில் போர்வை மட்டும்தான் இருந்தது.

மறந்துபோன பொம்மையை எடுக்கக் காட்டேஜுக்குள் ஓடியிருக்கிறாள் பிள்ளை. திரும்பி வந்தவள், போகிற வேனைத் துரத்தியிருக்கிறாள். முதல் வளைவில், பனியில், பாதை முடிகிற இடம் தெரியவில்லை. ஒரு செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியாது.

"பாத்திரம் இடிச்சிருக்கும்" என்று கணவன் போலீஸிடம் சொன்னான், சொந்தக்காரர்களிடம் சொன்னான், தூக்கத்திலும் சொன்னான். பாத்திரம் எப்படி இடிக்கும், கண்ணாடியில் விரல் எப்படித் தட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வேனை ஷெட்டில் போட்டுப் பூட்டினார்கள். வருஷம் முழுக்க அவள் ஏதோ பேருக்குச் சாப்பிட்டாள். திடீரென்று ஒருநாள், "மலைக்கு எவ்வளவு அரிசி எடுக்கலாம்?" என்று கேட்டபோது, அவள் எதையாவது கேட்டாளே என்ற சந்தோஷத்தில் கணவனால் மறுக்க முடியவில்லை.

பிள்ளை அங்கேயே நிற்கிறாள், போய்க் கூட்டி வர வேண்டும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "ஏறி…" என்று ஆரம்பித்த கணவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் தட்டினாள். பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பி, வேண்டாவெறுப்பாகத் தட்டினான். பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், டக் டக். கணவனின் கை கியரில் அப்படியே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"என்னம்மா இது, வண்டி இப்படி நாறுது?" என்றான் பெரியவன்.

"ஒரு வருஷம் பூட்டிக் கிடந்துச்சுல்லடா, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

காட்டேஜ் அப்படியே இருந்தது. அதே அடுப்படி, அதே ஆடுகிற மேசை, பின்பக்கம் அதே சிமெண்டுப் படி, அதற்கப்பால் புல், அதற்கப்பால் பனி. பொழுது சாயும் நேரம் ஒரு டம்ளர் பாலும் இரண்டு துண்டு ரொட்டியும் எடுத்துப் போய்ப் பின்படியில் வைத்தாள். விடிந்ததும் போய்ப் பார்த்தாள். பால் காலி. பாலாடை மட்டும் டம்ளர் விளிம்பில் வழித்து ஒட்டியிருந்தது. ரொட்டியின் நடுப்பகுதி இல்லை, ஓரங்கள் அப்படியே கிடந்தன.

படியிலேயே உட்கார்ந்து அந்த ஓரங்களைத் தின்றாள். எத்தனை வருஷமாக அவள் தின்கிற ஓரங்கள் அவை! "ஓரத்தைத் தின்னா பல்லு முளைக்கும்டி" என்று சொன்னால், "நீயே தின்னு, உனக்கு முளைக்கட்டும்" என்பாள் வாண்டு. அழுதுகொண்டே ஒரு துணுக்கு விடாமல் தின்றாள்.

"பூனையா இருக்கும்" என்றான் கணவன்.

"பூனையெல்லாம் மேல வர்றதில்லீங்க" என்றார் ரிசார்ட் காவல்காரர். பூனையாக இருந்தால் பாலாடையைத்தானே முதலில் நக்கும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாட்கள் போயின. கீரை தீர்ந்தது, கேரட் தீர்ந்தது. அவள் முகத்தில் மறுபடி களை வந்தது. சாயங்காலம் ஆனால் காட்டேஜின் பின்கதவுக்கு இந்தப் பக்கம், விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொள்வாள். முதலில் சோப்பு வாசனை வரும், பிள்ளைக்குப் போடுகிற அதே சோப்பு. அப்புறம் ஈரப் புல்லில் ஒற்றைச் செருப்பு சரசரக்கும். ஒரு செருப்பு, ஒரு வெறுங்கால். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொள்வாள், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று.

ஒருநாள் கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்தாள். இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்த நேரத்தில், படியின் விளிம்பில் ஒரு சின்னக் கை ஏறி வந்து ரொட்டியைத் தொட்டது. நகத்தில் மண். மணிக்கட்டில் அவளே கட்டிவிட்ட சிவப்பு ரப்பர் பேண்டு.

"அம்மாடி…" என்றாள். "நம்ம வீட்டுக்குப் போலாமா? அம்மா கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

கை நின்றது. பனிக்குள்ளிருந்து மூச்சைப் போல ஒரு குரல்.

"எடம் இல்லம்மா."

அந்த நொடி, காட்டேஜின் அந்தப் பக்கம், பூட்டி நிறுத்தியிருந்த வேனில் டக் டக் என்று கேட்டது.

சின்னக் கை சூடு பட்டது போல் பின்னுக்குப் போனது. புல்லில் ஓடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கதவருகே அவள் வெகுநேரம் நின்றாள். பிள்ளை இங்கே இருக்க, அங்கே தட்டியது எப்படி என்று ஒரு நினைப்பு தலைதூக்கத்தான் செய்தது. அவள் அதை வளரவிடவில்லை. அவள் காதில் விழுந்துகொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். இடம் இல்லையாம். ஏன் இருக்கும்? பாவி, கூரை வரைக்கும் பெட்டியாக அடுக்கினால் பிள்ளைக்கு இடம் எங்கே இருக்கும்?

கிளம்புவதற்கு முந்தின நாள் மிச்சம் இருந்த அத்தனையையும் காவல்காரர் வீட்டு வாசலில் இறக்கினாள். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், காலி டின்கள், பெட்டிகள்கூட.

"எல்லாத்தையும் குடுத்துட்டா எப்படிம்மா?"

"ஊர்ல கடை இருக்குங்கய்யா. வண்டில எடம் வேணும்."

"யாருக்குங்க?"

வேனின் பின்பக்கத்தைக் கழுவித் துடைத்தாள். அந்த வாடை போகவில்லை. போர்வையை உதறி விரித்தாள். விடிந்ததும் ரொட்டியை மொறுமொறுவென்று வாட்டி, காகிதத்தில் சுற்றிக் குகையில் வைத்தாள். வழியில் பிள்ளைக்குப் பசிக்குமே. பின்கதவை விரியத் திறந்துவிட்டு, பனியைப் பார்த்துச் சொன்னாள்.

"எவ்ளோ எடம் பாரு. ஏறிக்கோடி, செல்லம்."

தள்ளி நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணாமூச்சியில் நிற்பது போல. சற்று நேரத்தில் வண்டி லேசாக அழுந்தி அசைந்தது. பின்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பெரியவன் நடு இருக்கையில் அதற்குள் தூங்கிப்போயிருந்தான். கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறியாச்சா?" என்றான். இந்த முறை முழுசாக.

அவள் தட்டினாள்.

பின்னால், டக் டக்.

கணவன் உடைந்து அழுதான். "கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சும்மா. போன தடவையும் கேட்டுச்சு. பாத்திரம்னு பொய் சொன்னேன். இந்தத் தடவ விட்டுட்டுப் போகல. ஏறிட்டா. நம்ம புள்ள ஏறிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சரிவில் வேன் வேகம் பிடித்தது. அவள் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, பின்னால் திரும்பினாள்.

இப்போது சுவர் இல்லை. குகை முழுவதும் தெரிந்தது. பின்கண்ணாடியும், அதற்கப்பால் ரோடும் தெரிந்தன.

ரோட்டில் வாண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு செருப்பு. ஒரு வெறுங்கால். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அம்மா என்றுதான் கத்துகிறாள். வேறு என்ன கத்துவாள்?

நிறுத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கணவனின் தோளைப் பிடித்தாள். அவன் அந்தக் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தான். அழுதபடியே ஓட்டினான்.

குகையில் போர்வை மேடிட்டிருந்தது. ஒரு சின்னப் பிள்ளையை விடப் பெரிய மேடு. மடங்கி, முழங்கால் கூரையை முட்ட. போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல் நீண்டு வந்தது. நீளமான விரல். மடங்கியது. பக்கத்துக் கண்ணாடியில் பதவிசாகத் தட்டியது.

டக் டக்.

எடம் இல்லம்மா. அன்றைக்குப் பிள்ளை சொன்னது.

வளைவு வந்தது. வண்டி திரும்பியது. பின்கண்ணாடியில் அந்தச் சின்ன உருவம் பாதை முடிகிற இடம் வரைக்கும் ஓடி வந்து, நிற்கத் தெரியாமல், பனிக்குள் விழுந்து மறைந்தது. மறுபடியும்.

குகைக்குள் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு வாட்டிய ரொட்டியை மொறுமொறுவென்று மெல்லும் சத்தம். நிதானமாக, ருசித்து, ஓரத்தையும் சேர்த்து.