இரண்டாவது பொம்மை

அப்பாவின் கடற்கரை மாளிகை வாசலில் பல்லக்கிலிருந்து இறங்கியபோது செவேரினாவுக்கு வயது பதினான்கு. மறுநாள் கல்யாணம். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் அண்ணன் மகள் என்றால், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று யார் கேட்கப்போகிறார்கள்? இந்த லாபியோவை முதலில் அவள் அக்கா பிரிஸ்காவுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். இந்த மாளிகைத் தோட்டத்துக் கல்லறையில்தான் கிடக்கிறாள். அக்காவின் மாப்பிள்ளை, அக்காவின் செந்நிற முக்காடு எல்லாமே தங்கைக்கு வந்து சேர்ந்தன. மாட்டேன் என்றால் சித்தப்பா அப்பாவைத் தீவாந்தரம் அனுப்பிவிடுவார்.

அந்தி சாய்ந்ததும் குலதெய்வ மாடத்தில் தன் பொம்மையை வைத்தாள். பொம்மையைச் சாமிக்குக் கொடுத்தவள்தான் கல்யாணத்துக்குத் தகுந்தவள். விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மாடத்தில் இரண்டு பொம்மைகள் இருந்தன.

இரண்டாவது, தந்தப் பொம்மை. கையில் பொன்வளையல். மூட்டுகளில் ஈரமண். அழுகிய பூவின் வாடை.

வளர்த்த ஆயா மெலித்தா அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியவளோடது, கண்ணு. நான்தான் சவப்பெட்டிக்குள்ள அவ கையில வெச்சேன்."

"அப்ப இங்க எப்படி வந்துச்சு ஆயா?"

"சத்தம் போடாத. பாவி மக, பொம்மையக் குடுக்காமலே போயிட்டா. அந்தக் குறைதான். நீயே அவ பேரச் சொல்லிக் குடுத்துடு. அடங்கிடுவா."

செவேரினா அதைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"அக்கா பிரிஸ்கா குடுக்குறா. ஏத்துக்கோ சாமி."

விளக்கு அணைந்தது.

அவள் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அடங்கிவிட்டாள் என்று ஆயா நிம்மதியாகிவிட்டாள். செவேரினாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் மாலை, தீவட்டி ஊர்வலம் லாபியோவின் வீட்டை அடைந்தது. மணப்பெண் வாசற்படியில் இடறினால் குடும்பத்துக்கு ஆகாது. அதனால் தூக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

"மாப்ளே, பாத்து! இடுப்பு புடிச்சுக்கப் போவுது!" என்று நண்பர்கள் கிண்டலடித்தார்கள்.

லாபியோ தூக்கினான். அவன் முகம் சிவந்தது. "கோழிக்குஞ்சு மாதிரி இருக்க. என்ன இந்தக் கனம்?"

செவேரினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மையைக் கொடுத்தவள் கல்யாணத்துக்குத் தகுந்தவள். தன் கையாலேயே அக்காவையும் மணப்பெண்ணாக்கிவிட்டாள்.

வாசற்படியைத் தாண்டியதும் சட்டென்று கனம் குறைந்தது.

செவேரினாவின் கால் இன்னும் தரையில் படவில்லை. ஆனால் கழுவித் துடைத்த தளத்தில், அவளுக்கு முன்னால், ஈரமண் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே படுக்கையறைக்குள் போயின.

உள்ளே போன சுவடு இருந்தது. வெளியே வந்த சுவடு இல்லை.