தண்ணீர் பழுக்கும் தொட்டி

தொட்டியில் தண்ணீர் கூடியிருந்தது.

மெழுகுப் பென்சிலால் கண்ணாடியில் ஜீவமணி கிழித்து வைத்திருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில், நாள் முழுக்க விசிறி ஓடுகிற அறையில், மூடியில்லாத தொட்டித் தண்ணீர் வற்றத்தான் வேண்டும். கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒழுகிய தடம் இல்லை. குழாயைத் திருகிப் பார்த்தான். இறுகித்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டுக்கொண்டிருந்த காவலாளி தேவதாசனிடம், யாரும் உள்ளே தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்டான்.

"கடல அங்கன வச்சிக்கிட்டு இங்கன எவம் தம்பி ஊத்துவான்?" என்றார் அவர். "பயந்து பயந்து ஒமக்குக் கண்ணும் மங்கிப்போச்சு."

பயம் உண்மைதான். கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டிய மீன் காட்சிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் கரைவேலை இது. நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. புதுத் தொட்டியில் எடுத்த எடுப்பில் மீனை விட்டால், தன் கழிவின் நச்சிலேயே அது செத்து மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மணலில் குடியேறி அந்த நச்சைத் தின்னப் பழக வேண்டும். அதற்காக நாலைந்து செத்த இறாலைப் போட்டு அழுக விட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் பழுக்கிறது என்பார் காட்சிக்கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் கிருபாநிதி. மீன் கொண்டுவர மண்டபம் ஊருக்குப் போகும்போது, கண்ணாடியில் படிகிற பாசியைக்கூடத் துடைக்காதே, எல்லாம் தானாகப் பழுக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

தினமும் ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டு விடுவான். நச்சு இருந்தால் மஞ்சளாகும், மிகுந்தால் பழுப்பாகும். முதலில் நல்ல மஞ்சள் வந்தது, பிறகு வெளிறி வெளிறி வெறும் தண்ணீராகவே நின்றது. இறால் மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தான்.

இன்றைக்குக் குப்பி பழுப்பாயிருந்தது. கடுந்தேயிலை நிறம். கழுவிவிட்டு மறுபடி எடுத்தான். அதே நிறம்தான். ஒரு உயிரும் இல்லாத தண்ணீருக்குள் ஏதோ ஒன்று இருந்து கழிவு விட்டுக்கொண்டிருந்தது.

மணல், கல், காற்றுக் குழாய், அந்தக் குழாய் மிதக்காமல் அழுத்திப் பிடிக்கிற குளிகல், அதன் கயிறு. இவற்றைத் தவிர உள்ளே எதுவும் கிடையாது.

குளிகல் இஞ்ஞாசியுடையது. ஜீவமணியின் அக்காள் பிளாரன்ஸின் புருஷன். சங்கு குளிக்கிறவன். கல்லைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான். வள்ளத்தில் இருப்பவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பது கீழவைப்பாரில் அவர்கள் வீட்டு வழக்கம். அக்காள் தாலி அறுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காதவன் கயிற்றை நழுவ விடமாட்டான் என்று ஒரு கணக்கு. நாலு பருவம் ஜீவமணிதான் பிடித்தான். ஒவ்வொரு முங்குக்கும் கயிறு சுண்டுகிறவரை பயந்துகொண்டே எண்ணுவான். இந்த வேலை கிடைத்ததும் வள்ளத்தை விட்டு இறங்கிக்கொண்டான்.

இஞ்ஞாசி கோபிக்கவில்லை. எங்க மாப்ள கண்ணாடிப் பெட்டி மீனுக்குக் கயிறு பிடிக்கப் போறான் என்று கரையெல்லாம் சொல்லிச் சிரித்தான். குழாயை அழுத்த ஒரு கனம் வேண்டும் என்று ஜீவமணி கேட்டபோது பழைய கல்லையும் கயிற்றையும் அப்படியே தூக்கிக் கொடுத்தான். கயிறு பிடிக்கிறதை விட்டுப் போகிறவன் கல்லில் தான் போட்ட முடிச்சைத் தன் கையாலேயே கரையில் அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அதுவரை குளிக்கிறவனுடைய உயிருக்கு அவன்தான் பொறுப்பு. ஜீவமணி நகத்தால் கிண்டிப் பார்த்தான். உப்பேறி இறுகிப் போயிருந்தது. அவனை ஏற்றிப்போக வந்த ஜீப்போ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கெடக்கட்டும்லே மாப்ள. ஒன் முடிச்சு ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றான் இஞ்ஞாசி.

அவிழ்க்காத முடிச்சோடுதான் கல் தொட்டிக்குள் இறங்கியது. மறுமுனையைத் தொட்டிக்கு மேலே போகிற இரும்புக் கம்பியில் கட்டியிருந்தான். இஞ்ஞாசிக்கு இப்போது கூலிக்கு வந்த ஒருவன் கயிறு பிடிக்கிறான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்டு போனது.

விசிறி நின்றது, காற்று பம்பு நின்றது. இதுவரை அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்தது தெரியாத சத்தங்கள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன. புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது, சன்னல் கொக்கி ஆடியது, எங்கோ ஈரத்துணி தரையில் இழுபடுவதுபோல ஒன்று கேட்டு நின்றது. தேவதாசன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். கரையில் ஆள் கூடி நிற்கிறது, சங்கு வள்ளங்கள் எல்லாம் மதியமே வந்துவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லையாம். யாருடைய வள்ளம் என்று கேட்க ஜீவமணி வாசலுக்கு வந்தான். பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

அரிக்கேன் விளக்கை ஏற்றினான். பெட்ரோமாக்ஸ் இருந்தது, அதற்கு மேண்டில் கட்டிக்கொண்டிருக்கப் பொழுதில்லை. மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறி வேறொரு வாசம் வந்தது. நல்லெண்ணெய். தொட்டியின் மேல் விளக்கைப் பிடித்தான். தண்ணீரின் மேல் எண்ணெய் மெல்லிய தோலாகப் படர்ந்து, வெளிச்சத்தில் வானவில்லாய் நெளிந்தது. குளிக்கிறதற்கு முன் நெஞ்சிலும் காதிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வான் அத்தான்.

சிவப்புக் கோடு ஒரு முழம் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விளிம்பைத் தொட்டது. வழிந்து பாதத்தில் விழுந்தது. தொட்டித் தண்ணீரின் வெதுவெதுப்பு இல்லை அதில். சங்கு கிடக்கிற கடலடிப் பாரிலிருந்து கயிறு கொண்டுவருகிற குளிர்.

பம்பு ஓடவில்லை. குமிழி வந்தது.

மணலிலிருந்து ஒன்று. பிறகு கொத்தாக. யாரோ அடக்கி வைத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல. ஜீவமணி பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரில் முட்டியது. தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்த கயிறு இப்போது நேராக நின்றது. விறைப்பாக.

கயிறு சுண்டியது.

நீளமாய் ஒன்று. நின்று, குட்டையாய் ஒன்று. மற்ற ஆட்கள் ஒரு சுண்டோடு நிறுத்துவார்கள். இப்படிச் சுண்டுகிறவன் அந்தக் கடலில் ஒருவன்தான்.

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். எப்படிப் பிடித்தான், கம்பியிலிருந்து எப்போது அவிழ்த்தான், தெரியாது. கனம் கையில் இறங்கியது. கல்லின் கனம் இல்லை. ஆள் கனம். நாலு பருவம் தூக்கிய கனம். இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். ஈரக்கயிறு காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. தொட்டியின் ஆழம் எப்போதோ முடிந்துவிட்டது. கயிறு முடியவில்லை. இரு கை விரிக்கும் நீளத்தில் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை கிழிந்தது. இவ்வளவு நேரம் எந்த மூச்சும் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

வாசலில் காலடி கேட்டது. பிளாரன்ஸ். தலைமுடி அவிழ்ந்து, சேலை முந்தி தரையில் இழுபட, நிறைமாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"வள்ளம் வந்துட்டுலே" என்றாள். "கயிறு மட்டும் வந்துச்சாம். அந்தக் கூலிப் பய சுண்டுனதே தெரியலங்கான்."

அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். அவள் கண் அவன் கையிலிருந்த கயிற்றுக்குப் போனது, கயிற்றிலிருந்து தண்ணீருக்குப் போனது. நடந்து வந்து, அவனுக்குப் பின்னால் நின்று, கயிற்றை இரண்டு கையாலும் பற்றினாள்.

"விட்றாதலே."

இருவரும் இழுத்தார்கள். கயிறு வந்தது. சுருள் முழங்கால் வரை ஏறியது. மறுபடியும் சுண்டியது. முன்னைவிட மெல்ல. நீளமாய் ஒன்று. குட்டையானது வரவில்லை.

தரையிலிருந்த விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. உட்புறம் படிந்த பச்சைப் பாசியில், மேல் விளிம்பை ஒட்டி, ஐந்து விரலும் விரிந்த ஒரு கைத்தடம் இருந்தது. அவர்கள் இழுத்தார்கள். அதற்குக் கீழே இன்னொன்று விழுந்தது. மறுபடி இழுத்தார்கள். அதற்கும் கீழே ஒன்று.

கயிறு மேலே வந்துகொண்டிருந்தது. கை கீழே போய்க்கொண்டிருந்தது.